பாலவனத்தம் ரூட்டைக் கேட்ட டிரைவர்

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, புது டிரைவருக்குப் போலீஸ் சரிபார்ப்பு வந்திருச்சு. ஒரு கேசும் இல்ல. எடுத்துக்கலாம்ல?" என்று கேட்டாள். "எடுத்துக்கோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று தோன்றியது. அருப்புக்கோட்டை வெயிலில், மத்தியானத்தில், ஓய்வுபெற்ற ஒருத்திக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அன்று சொல்லாமல் விட்டதைப் பள்ளி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

பாளையம்பட்டியை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. தாளாளர் தொடங்கி தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் நான் ஆபீஸக்கா. வாத்தியார்களை விசாரித்து எடுக்கப் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். டிரைவர், ஆயா, வாட்ச்மேன் இவர்களை விசாரிக்கிற வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளைகள் அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு முதலில் பார்க்கிற முகம் அந்த டிரைவருடையதுதானே.

போலீஸ் சான்று அவசியம் வேண்டும். அது இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள். ஆனால் கோர்ட்டு வாசல் வரை போன விஷயம் மட்டும்தான் அதில் இருக்கும். சுத்தமான சான்றோடு வந்த ஒருவரை நான் முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பிள்ளை படியில் கால் வைக்கும்போதே வண்டியை எடுக்கிற குணம் அவருக்கு. அந்தக் குணத்துக்கு எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். அதனால் சான்று கையில் இருந்தாலும் ஆளின் ஊருக்கு நேரில் போய் விசாரிப்பது என் வழக்கம்.

நம் பக்கத்துக் கிராமங்களில் விசாரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வார்களோ, வேலைக்கு விசாரிக்க வந்தவர்களுக்கும் அப்படியேதான் சொல்வார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிகிற காரியத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஆகவே யாரைக் கேட்டாலும் "தங்கமான பிள்ளை"தான். "அவுக வீட்டப் பத்தி நாங்க என்னத்தச் சொல்ல" என்று ஒருவர் எழுந்து வேட்டியை உதறினால் விஷயம் கொஞ்சம் கோளாறு என்று அர்த்தம். இதையெல்லாம் நான் பட்டுத்தான் படித்தேன்.

முனியசாமி வந்தது நான் ஓய்வுபெறுவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்காரர். லாரி ஓட்டிப் பழகிய ஆள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அம்மா, பேப்பரெல்லாம் பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன். நான் செயிலுக்குப் போயிட்டு வந்தவன்."

என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. ஒரு அடிதடி கேஸைக்கூட மூன்று தலைமுறைக்கு மூடி மறைக்கிறவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன்.

"என்ன கேஸு?"

"என் மச்சினன் செத்துட்டாரு. என் கையாலதான். வரப்புத் தகராறு. ரெண்டு பேரும் வாய்ச்சண்ட போட்டுக்கிட்டு இருந்தோம், மம்பட்டிக் காம்பால ஒரு போடு போட்டுட்டேன். கொல்லணும்னு போடலம்மா. ஆனா போட்டது நாந்தான். கோர்ட்டுலயும் அதத்தான் சொன்னேன். தண்டனைய முழுசா முடிச்சுட்டேன்."

"இதை இப்பச் சொன்னா வேலை கிடைக்காதுன்னு தெரியாதா?"

"தெரியும். உள்ள இருக்கையில சட்ட உதவிக்கு ஒரு வக்கீலம்மா வருவாக. கேஸு இருக்குறத விட அத மறைக்கிறதுதான் பின்னால பெரிய தப்பா வந்து நிக்கும்னு சொல்லுவாக. அதான் சொல்லிட்டேன்."

விதிப்படி அந்த நிமிடமே இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பள்ளி பஸ் ஓட்டுகிறவர் மேல் இப்படி ஒரு தண்டனை இருக்கக் கூடாது. அந்த விதி சரியான விதிதான், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் இப்படித் தானாக வந்து சொன்ன ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. பிள்ளைகள் ஏறாத சாமான் வண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. மதுரையிலிருந்து புத்தகம், பெஞ்சு எல்லாம் ஏற்றி வரும்.

"பஸ் தர முடியாது. சாமான் வண்டிக்கு வேணும்னா தாளாளர்கிட்டக் கேட்டுப் பார்க்கிறேன். சம்பளம் ஒண்ணுதான்."

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாலவனத்தம் ரூட்டு பஸ்ஸு காலியா இருக்குன்னு சொன்னாக. அது கிடைக்க வழியே இல்லையாம்மா? கிளீனரா வேணும்னாலும் ஏறிக்கிறேன்."

லாரி ஓட்டிய ஆள் கிளீனராக ஏறுகிறேன் என்கிறார். எனக்கு அது இடறியது. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அந்த வாரமே திருச்சுழி பஸ் பிடித்து அவருடைய ஊருக்குப் போனேன்.

டீக்கடையில் நான் யாரென்று சொன்னதும் கூட்டம் உஷாராகிவிட்டது. துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு பெரியவர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார்.

"முனியசாமியா? தங்கமான பையன். எறும்பக்கூட மிதிக்க மாட்டான். கேஸு கீஸுன்னு ஒண்ணும் கெடையாது."

"அப்படியா?"

"சத்தியமா. ஏலே, நீ சொல்லுலே, ஏதும் கேஸு உண்டாலே?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவரும் இல்லையென்று தலையை ஆட்டினார். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, "இந்த ஊருலயே ஸ்டேஷன் வாசல மிதிக்காத ஆளு அவன் ஒருத்தந்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மனிதர் என்னிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அது தெரியாமல் ஊரே அவருக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்ததும், நம்பவில்லையோ என்று பெரியவருக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளைன்னும் யாரும் கெடையாதுங்க. ஒண்டிக்கட்ட. பாலவனத்தம் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டான்."

நான் பெண்டாட்டியைக் கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை, பாலவனத்தம் என்ற பேரை வாயால் உச்சரிக்கவே இல்லை. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள், பிள்ளைகளே. நீங்கள் கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னால், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசியுங்கள்.

மறுநாள் முனியசாமியை வரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "பாலவனத்தத்துல உங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். "எம் பொண்ணு" என்றார். "நான் உள்ள போகையில தவந்துக்கிட்டு இருந்துச்சு. செத்தவரு எம் பொண்டாட்டியோட அண்ணன். அதுக்குப் பொறகு அது எப்படி எங்கூட இருக்கும்? பிள்ளையத் தூக்கிக்கிட்டு பாலவனத்தத்துல இருக்குற அவுக அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. இப்ப பிள்ள இந்தப் பள்ளிக்கூடத்துல மூணாவது படிக்கிதாம். இந்த பஸ்ஸுலதான் வருதாம். நான் ஒண்ணும் பேச மாட்டேம்மா. யாருன்னு சொல்ல மாட்டேன். ஏறயில ஒரு தடவ, எறங்கயில ஒரு தடவ பாத்துக்குவேன். அவ்வளவுதான்."

"பேரு?"

"கார்த்திகா."

எனக்குத் தெரிந்த பிள்ளைதான். வகுப்புக்குச் சாக்பீஸ் வாங்க வருவாள். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்துவிடுமோ என்று அடிமேல் அடி வைத்து நடப்பாள். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"கேஸச் சொன்னா வேல போகும். பிள்ளையச் சொன்னா பிள்ளையே போயிருமேன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. சத்தம் போட்டேன். கொலைக் கேஸைச் சொல்லி, நேர்மையானவர் என்று என்னை நம்பவைத்துவிட்டு, நான் எதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டுமோ அதை விட்டுவிட்டீர்களே என்றேன். சாமான் வண்டியும் அதே மைதானத்தில்தான் நிற்கும், அந்தப் பிள்ளை விளையாடுகிற இடத்தில். தாய்க்குத் தெரியாமல் அதையும் அவருக்குக் கொடுக்க முடியாது.

தாளாளர் நல்ல மனிதர், பயந்த மனிதர். "வேலை இல்லைன்னு அனுப்பிச்சிருங்கம்மா. அந்தம்மாகிட்டச் சொல்லி, அவுக ஆளுக அருவாளத் தூக்கிக்கிட்டு வந்தா நம்ம கேட்லதான் நிப்பாக. எதுக்கு வம்பு?" என்றார். முனியசாமியும் அதையே கெஞ்சினார். "நான் இப்படியே போயிர்றேன். எம் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்மா."

இரண்டு பேருக்கும் சௌகரியமான வழி அது. எனக்கும் சௌகரியம்தான். ஆனால் ஒரு பிள்ளையைப் பார்ப்பதற்காகவே ஒருவர் அவளுடைய பஸ்ஸில் வேலை தேடி வந்திருக்கிறார். அது அப்பாவாகவே இருக்கட்டும். பிள்ளையைப் பொறுப்பாக வளர்க்கிற தாய்க்கு அது தெரிய வேண்டாமா? நாளைக்கு வேறு வழியில் தெரிந்தால், உங்களுக்குத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

"உங்களுக்குத் தெரியாம நான் சொல்ல மாட்டேன். உங்களுக்காகச் சொல்லாமலும் இருக்க மாட்டேன். நாளைக்கு அவங்களைக் கூப்பிட்டுப் பேசுறேன். அவங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன்" என்று அவரிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நன்றிக்குக் கும்பிட்டாரா, வேண்டாம் என்று கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகாவின் அம்மா பாண்டியம்மாள் மில்லில் ஷிப்டு முடிந்த கையோடு வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டவும் இல்லை, அவருக்காகப் பரிந்து பேசவும் இல்லை. அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"யாரு வரச் சொன்னா? இத்தன வருசம் கழிச்சு யாரு வரச் சொன்னா?" என்று கத்தினாள். "எங்கண்ணன் போட்டோவுக்கு இன்னைக்கும் எங்கம்மா வெளக்கு வச்சுக்கிட்டு இருக்கு. அந்த வீட்டுல இருந்துக்கிட்டு நான் என்ன செய்ய?"

இந்த மாதிரி நேரத்தில் ஆறுதல் சொல்ல வாயெடுக்காதீர்கள். அவளே அழுது, அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எதிர்பாராமல் கேட்டாள்.

"பஸ்ஸு ஓட்ட லாயக்கு இல்லன்னுட்டீகளா?"

"விதி இடம் கொடுக்கலைம்மா."

"நல்லா ஓட்டுவாக அக்கா" என்றாள். "அவுக வண்டியில ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டது கெடையாது."

அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். வெளியே மணி அடித்துப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கும்போது அவள் தெளிவாகப் பேசினாள்.

"அப்பா செத்துட்டாகன்னு பிள்ளைகிட்ட நான் சொல்லல. வெளியூர்ல இருக்காகன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்கம்மா இருக்குற வரைக்கும் அந்த வாசப்படி அவுகளுக்குக் கெடையாது. பிள்ளைக்கு வெவரம் தெரியட்டும், நானே எல்லாத்தையும் சொல்லுவேன். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம், பஸ்ஸுப் பக்கம் எங்கயும் வந்து நிக்க வேணாம்னு சொல்லிருங்க. எப்ப வரலாம்னு நான் சொல்லி விடுறேன்."

அப்படியே போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எப்பன்னு ஏதும் சொல்லுச்சா?"

"சொல்லலை."

"சரிம்மா" என்றார். காரியாபட்டிப் பக்கம் ஒரு கல் குவாரியில் டிப்பர் ஓட்டப் போய்விட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஜூனில் பள்ளி திறந்த சமயத்தில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. "அம்மா, முனியசாமி பேசுறேன். ஏதும் சொல்லுச்சா?" இல்லை என்றேன். "சரிம்மா, வைக்கிறேன்." அதற்கடுத்த வருஷமும் அதே சமயம், அதே கேள்வி. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டதில்லை, நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கோ சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். ஆறாவதில் அம்மை வந்து மெலிந்துபோய்த் திரும்பினாள். எட்டாவதில் கண்ணாடி போட்டாள். முன்பல்லில் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும், சிரித்தால் அவ்வளவு அழகு. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே "இல்லை" என்று மட்டும் சொன்ன நாளும் உண்டு. என் உத்தியோகத்தில் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன், எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றை வார்த்தையைப் போல எதுவும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் இருப்பது எவ்வளவு தப்போ, உரிமை இல்லாததை இரக்கப்பட்டுச் சொல்வதும் அவ்வளவு தப்பு. தெரியும். தெரிந்தும் ஏங்கினேன். பாலவனத்தம் பஸ் கிளம்பும்போதெல்லாம் என் கண் டிரைவர் சீட்டுக்குப் போய்விட்டுத்தான் திரும்பும்.

கார்த்திகா பன்னிரண்டாவது முடித்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு காலை நேரத்தில் தாயும் மகளும் வந்தார்கள். மகள் தாயைவிட உயரமாகிவிட்டாள். பாண்டியம்மாள் கதவைச் சாத்தினாள்.

"எங்கம்மா போன பங்குனியில தவறிருச்சு, அக்கா. காரியம் முடிஞ்சதும் இவகிட்டச் சொல்லிட்டேன். மாமா எப்படிச் செத்தாக, இவ அப்பா எங்க இருந்தாக, இங்க வேல கேட்டு வந்தது, எல்லாத்தையும்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அழுது முடித்த முகம்தான். குரல் மட்டும் திடமாக இருந்தது.

"நான் மூணு நாள் யாருகூடயும் பேசலக்கா. மாமா செத்தத நெனச்சா அப்பா மேல கோவமா வருது. ஆனா அப்பாவப் பாக்கணும்" என்றாள்.

அவர்கள் முன்னாலேயே போன் செய்தேன். பின்னணியில் டிப்பர் உறுமுகிற சத்தம் கேட்டது. "முனியசாமி, ஆபீஸக்கா பேசுறேன். சொல்லிட்டாங்க" என்றேன். டிப்பர் சத்தம் நின்றது. "எங்க வரட்டும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, அருப்புக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டு என்று முடிவானது. பாண்டியம்மாள், "நான் எதுத்த கடையில நின்னுக்குவேன். கிட்ட வர மாட்டேன். எனக்கு இன்னும் முடியல" என்றாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

கிளம்புகிற நேரத்தில் கார்த்திகா என் மேஜைக்கருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வீட்டுல இருக்குறது கல்யாண போட்டோ மட்டுந்தான். அதுல மாலைக்குள்ள முகமே தெரியல. நீங்கதான் அப்பாவக் கடைசியாப் பாத்தவங்க. அவ்வளவு கூட்டத்துல நான் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? அவுகளுக்கும் என்னத் தெரியாதே."

அடையாளம் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான். உயரம், நிறம், மச்சம் என்று எத்தனையோ பேருக்குப் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல அதில் எதுவும் எனக்கு உதவவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ தேட வேணாம் பாப்பா. போய் நின்னா போதும். உன்னைப் பார்த்ததும் ஒருத்தர் எந்திரிச்சு நிப்பாரு. அவருதான் உங்கப்பா."